திருப்புளிக்கு முன் அளவுகோல்: ஆரம்பகால பிரிசிஷன் பேஸை ஆராய்ந்து அளப்பது எப்படி

பழைய பேஸ் கிட்டார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "இது அசலா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் கேட்க வேண்டியது, "இது எத்தனை மில்லிமீட்டர்?" அளவுகளை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால், அசலா இல்லையா என்பதை நீங்களும் சொல்லலாம், உங்களைவிட விஷயம் தெரிந்தவரும் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லலாம். அளக்காமல் கழற்ற ஆரம்பித்தால், எழுபது வருடமாக யாரும் தொடாத ஒரு திருகு உங்கள் கையால் முதல்முறை திரும்பியிருக்கும். அதைத் திரும்பவும் தொடாததாக்க முடியாது.

உதாரணத்துக்கு ஒரு கருவியை வைத்துக்கொண்டு பேசுவோம். 1951-ன் இறுதியில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பிரிசிஷன் பேஸ். அதற்கு முன்பும் மின்சார பேஸ் இருந்தது. சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வைத்த, கிட்டார் போலக் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். ஆனால் அது பரவவில்லை. பரவியது ஃபெண்டருடையது. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தும், இசைக்குழுவின் சத்தத்தில் தன் சுருதி தனக்கே கேட்காமலும் அவதிப்பட்டவர்களுக்காக வந்த கருவி அது. ஃப்ரெட் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக விழும். "பிரிசிஷன்" என்ற பெயர் அதனால்தான் வந்தது. லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி இதை வாசித்த பிறகு ஜாஸ் கலைஞர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

1951 முதல் 1954 வரையிலான இந்த முதல் வடிவத்தைத்தான் இங்கே அளக்கப் போகிறோம். முறை எல்லாப் பழைய பேஸுக்கும் ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும்.

மேசையும் கருவிகளும்

அகலமான மேசை, அதன் மேல் சுத்தமான பருத்தித் துணி இரண்டு மடிப்பு. ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக் ஷீட், ஃபோம் இவை வேண்டாம். அந்தக் காலத்து ஃபெண்டர்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசியிருக்கிறார்கள். ரப்பரிலும் வினைலிலும் உள்ள ரசாயனம் அந்தப் பூச்சை இளக்கி ஒட்டிக்கொள்ளும். ஒரே இரவில் ஸ்டாண்டின் தடம் பதிந்துபோன கிட்டாரை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தைத் தாங்க, சுருட்டிய துண்டு ஒன்று போதும்.

ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல், 150 மி.மீ. வெர்னியர் அல்லது டிஜிட்டல் காலிப்பர், ஃபீலர் காஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், சிறிய திசைகாட்டி, எடை பார்க்கும் தராசு, நல்ல விளக்கு, காகிதம், மென்மையான பென்சில். இவ்வளவுதான். தையல் டேப்பும் தச்சர் டேப்பும் வேண்டாம். தச்சர் டேப்பின் முனைக் கொக்கி, இழுத்து அளந்தாலும் முட்டவைத்து அளந்தாலும் சரியாக வருவதற்காகக் கொஞ்சம் ஆடும்படியே செய்யப்பட்டது. அது தேய்ந்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் அங்கேயே போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் 100 மி.மீ. கோட்டிலிருந்து ஆரம்பித்து அளந்து, கடைசியில் 100-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

காலிப்பரின் இரும்புத் தாடைகளுக்கு மெல்லிய காகித டேப் ஒட்டி, அந்த நிலையில் மூடிப் பூஜ்ஜியம் வைத்துக்கொள்ளுங்கள். லாக்கரில் கீறல் விழாது. மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

தாளின் மேல் ஓரத்தில் தேதி, அறையின் வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் எழுதுங்கள். மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலும், சுருங்கும். ஃபுல்லர்டன் வறண்ட ஊர். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஐப்பசி மாதத்தில் அளக்கும் மரம் வேறு நிலையில் இருக்கும். பின்னால் யாராவது ஒப்பிடும்போது இந்த மூன்று எண்களும் அவர்களுக்குத் தேவைப்படும்.

தொடாமல் பார்ப்பது

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் பார்வைக்கு மட்டும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விளிம்புகள், தலைப்பகுதி, பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி), பின்னால் தந்தி நுழையும் துளைகள் என்று வரிசையாகப் படம் எடுங்கள். முழு உருவத்தை எடுக்கும்போது மூன்று மீட்டராவது தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டத்தில் நின்று மொபைலில் எடுத்தால் நடுப்பகுதி பெருத்து, தலையும் அடியும் சிறுத்துத் தெரியும். அந்தப் படத்திலிருந்து எந்த அளவையும் எடுக்க முடியாது. உடலின் மேற்பரப்பு இருக்கும் அதே உயரத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுங்கள்.

முதல் வடிவம் இப்படித்தான் இருக்கும். ஆஷ் மரத்தில் பலகை போன்ற தட்டை உடல், உடம்பில் பதியும் இடத்தில் சரிவு எதுவும் செதுக்கப்படாமல். மேலே மரத்தின் ரேகை தெரியும்படி வெளிறிய பூச்சு, இன்று வயதாகி வெண்ணெய் மிட்டாய் நிறத்துக்கு வந்திருக்கும். உடலைக் கீறலிலிருந்து காக்கும் கறுப்பு ஒற்றை அடுக்கு பிக்கார்டு, இரண்டு கொம்புகளையும் மூடியபடி. வால்யூம், டோன் குமிழ்கள் தனியாக ஒரு உலோகத் தகட்டில். கேபிள் செருகும் ஜாக் உடலின் பக்கவாட்டு விளிம்பில். கழுத்து ஒரே மேப்பிள் துண்டு, தனி விரல்பலகை கிடையாது, 20 ஃப்ரெட், கறுப்புப் புள்ளிகள். கழுத்தின் முதுகில் அடர்ந்த நிறத்தில் நீளமாக ஒரு கோடு ஓடும். உள்ளே இரும்புக் கம்பியைப் பின்பக்கமாக வைத்து வால்நட் மரத்துண்டால் மூடிய தடம் அது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பில் நான்கே காந்தத் துண்டுகள், தந்திக்கு ஒன்று. பிரிட்ஜில் தந்தி உட்காரும் தாங்கிகளான சேடில் இரண்டே, அழுத்தி இறுக்கிய நாரால் ஆனவை. தந்திகள் உடலின் முதுகு வழியாக நுழைந்து வரும். மிக மெல்லிய தந்தியான ஜி-க்குக் கீழே விரல்களைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு கட்டை. அப்போது கட்டை விரலால் மீட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வைத்தது.

1954-ல் உடலின் விளிம்புகளைச் சரித்துச் செதுக்க ஆரம்பித்தார்கள், நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் இருநிற சன்பர்ஸ்ட் பூச்சும் வந்தது. 1957-ல் தலைப்பகுதி பெரிதாகி, பிக்அப் இரண்டு துண்டாகப் பிரிந்து, தந்திக்கு இரண்டு காந்தம் என்றானது. ஆகவே எட்டுக் காந்தங்களோடு ஒரு "1952 பேஸ்" வந்தால், அங்கேயே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளலாம். புதியவர்களைக் குழப்பும் இன்னொன்றும் உண்டு. 1968-ல் ஃபெண்டரே இந்தப் பழைய உருவத்தைத் திரும்பக் கொண்டுவந்து டெலிகாஸ்டர் பேஸ் என்று விற்றது. அந்த உதிரிபாகங்கள் பழைய உடல்களில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு.

பிக்அப் மேலும் பிரிட்ஜ் மேலும் உலோக மூடிகள் இருந்திருக்கும். பெரும்பாலும் இன்று இருக்காது, வாசிக்க இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். அவற்றின் திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டை இருந்து மூடி இல்லாதது சாதாரணம். ஓட்டையே இல்லாததுதான் விசாரிக்க வேண்டியது.

திருகுகளின் தலையையும் பாருங்கள். மிக ஆரம்பத்தில் ஒற்றைப் பள்ளம், அப்புறம் நாம் ஸ்டார் என்று சொல்லும் பிலிப்ஸ் தலை. மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை, இரண்டும் கலந்திருக்கலாம். எந்தத் திருகு எந்தத் தலை என்று படம் வரைந்து குறியுங்கள். பள்ளத்தின் ஓரம் பிசிறு தட்டியிருந்தால் அதையும்.

ஸ்கேல் நீளம்: இதில் அவசரம் கூடாது

எல்லா அளவிலும் முதன்மையானது இதுதான். தந்தி அதிரும் நீளம். பிரிசிஷன் பேஸுக்கு 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. சாதாரண ஃபெண்டர் கிட்டாருக்கு 25.5 அங்குலம், டபுள் பேஸுக்குப் பொதுவாக 41, 42 அங்குலம். இரண்டுக்கும் இடையில் லியோ ஃபெண்டர் தேர்ந்தெடுத்த இந்த 34-தான் இன்றுவரை பேஸ் கிட்டார்களின் பொது அளவாக நிற்கிறது. 1953-ல் கிப்சன் கொண்டுவந்த வயலின் வடிவ பேஸுக்கு 30.5 அங்குலம். எனவே இந்த ஓர் எண்ணே கருவி எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும்.

புதியவர்கள் செய்யும் தவறு, நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் சிறு துண்டு) நேராக பிரிட்ஜ் வரை அளப்பது. அப்படி அளந்தால் 34-க்கு மேல் சில மில்லிமீட்டர் கூடுதலாக வரும். தந்தியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட சேடிலைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். தடித்த தந்திக்கு அதிகம், மெல்லியதற்குக் குறைவு. இந்த பேஸில் இரண்டு தந்திக்கு ஒரே சேடில் என்பதால், ஈ-யும் ஏ-யும் ஒரு சமரசத்தில் இருக்கும், டி-யும் ஜி-யும் இன்னொன்றில். சேடிலின் இடம் கடைசியாகத் திருப்புளி பிடித்தவரின் முடிவு. ஃப்ரெட்டின் இடம் தொழிற்சாலையின் முடிவு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நட்டின் விரல்பலகைப் பக்க முகத்தில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை முட்டவையுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் முகட்டு நடுக்கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 431.8 மி.மீ. வர வேண்டும். அதை இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம். கண் நேர் மேலே இருக்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் ஓடிவிடும். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதினால், உங்கள் கை எவ்வளவு ஆடியது என்பது அடுத்தவருக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்து மற்ற ஃப்ரெட்கள். கணக்கு எளிது. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மிச்ச நீளத்தை 17.817-ஆல் வகுத்து, வரும் அளவு முன்னேற வேண்டும். 863.6-க்கு முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 48.5 மி.மீ., ஐந்தாவது 216.6, ஏழாவது 287.2, இருபதாவது 591.6. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு என்று அளந்துகொண்டே போனால், சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும்.

முதல் ஃப்ரெட்டும் சேர்த்து எல்லாமே ஒரே அளவு, ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் என்ன அர்த்தம்? ஃப்ரெட்கள் சரி, நட் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. இதை உறுதி செய்ய, முதல் ஃப்ரெட்டுக்கும் பதின்மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 407.6 மி.மீ. வந்தால் பலகை 34 அங்குலத்துக்கு வெட்டியதுதான். ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் சோதிக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை கைவந்தது போலத்தான்.

அகலமும் தடிமனும்

நட் அகலம் 1¾ அங்குலம், 44.45 மி.மீ. உடலின் தடிமனும் அதே 1¾ அங்குலம். ஆனால் உங்கள் காலிப்பர் 44.1 என்று காட்டினால் பதற வேண்டாம். மரம் ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கழுத்தில் ரேகை தலையிலிருந்து அடிக்கு ஓடுகிறது. ஆகவே ஸ்கேல் நீளம் எழுபது வருடத்துக்குப் பிறகும் அப்படியே நிற்கும், அகலமும் தடிமனும் வறட்சியில் கொஞ்சம் குறைந்திருக்கும். நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சந்தேகப்படுங்கள், அகலத்தில் அதே அரை மில்லிமீட்டர் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கருவியை அளப்பதில் நான் கற்றதிலேயே மிகவும் பயன்பட்டது இதுதான்.

உடலின் தடிமனை ஓரத்தைச் சுற்றிப் பத்து இடங்களில் அளந்து, உருவப் படத்தில் அந்தந்த இடத்திலேயே எண்ணை எழுதுங்கள். எல்லாம் ஒன்றுபோல 43 என்று வந்தால், யாரோ பழைய பூச்சைச் சுரண்டித் தேய்த்துப் புதிதாகப் பூசியிருக்கலாம். விளிம்பின் வளைவு சில இடங்களில் மட்டும் கூடுதலாக மழுங்கியிருந்தாலும் அதே சந்தேகம்தான். உப்புத்தாள் விளிம்பைத்தான் முதலில் தின்னும்.

கழுத்தின் தடிமனை முதல் ஃப்ரெட் அருகிலும் பன்னிரண்டாவது அருகிலும், ஃப்ரெட்டின் மேல் அல்லாமல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் மரத்தில் வைத்து அளங்கள். அந்தக் காலத்துக் கழுத்துகளைக் கையாலேயே தேய்த்து வடிவம் கொடுத்தார்கள், ஒன்றுபோல ஒன்று இருக்காது. எனவே இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை, எழுதி வைத்தால் போதும்.

விரல்பலகையின் வளைவு 7¼ அங்குல ஆரம். காஜ் இல்லையென்றால், காம்பஸில் 184 மி.மீ. ஆரம் வைத்துத் தடித்த அட்டையில் வில் வரைந்து வெட்டுங்கள். உட்குழிந்த பக்கம் பலகையில் படும்படி தந்திகளுக்கு அடியில் அட்டையை நுழைத்து, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகை அதைவிடத் தட்டையாகிவிட்டது, ஓரங்களில் தெரிந்தால் இன்னும் வளைந்திருக்கிறது. மறுஃப்ரெட் போட்டவர் பலகையைத் தேய்த்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

கழுத்தின் வளைவுக்கு, தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் காஜால் பாருங்கள். அளவு எப்படி வந்தாலும், கழுத்தின் அடியில், உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை இறுக்கும் திருகு நட்டைத் திருகாதீர்கள். இன்றைக்கு அளக்க மட்டும்தான் வந்திருக்கிறோம்.

உடலின் வெளிக்கோட்டை எடுக்க, பெரிய காகிதத்தில் துணி சுற்றிய பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். பென்சில் தடிமனில் பாதி எல்லாப் பக்கமும் கூடுதலாக வரும். எந்தப் பென்சில், எவ்வளவு தடிமன் என்று அதே தாளில் எழுதிவிடுங்கள். எடையையும் பாருங்கள். தராசில் பேஸை வைக்க வேண்டாம். நீங்கள் ஏறி நின்று, அப்புறம் பேஸைக் கையில் பிடித்து ஏறி நின்று, கழித்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கிலிருந்தே பிக்அப்பை அளப்பது

ஒரு திருகையும் தொடாமல் பிக்அப்பின் மின்தடையைத் தெரிந்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. வால்யூம், டோன் இரண்டையும் முழுதாகத் திறந்து வையுங்கள். சாதாரண கிட்டார் கேபிளைச் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். எண் நின்றதும் எழுதுங்கள்.

அது பிக்அப்பின் எண் மட்டும் அல்ல. வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) பக்கவாட்டில் சேர்ந்து நிற்கிறது, அதனால் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பாட் 250 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டு, மீட்டர் 6.8 காட்டினால், 6.8-ஐ 250-ஆல் பெருக்கி, 250-லிருந்து 6.8-ஐக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 6.99. பழைய பாட்டின் உண்மை அளவு 200 ஆகவோ 300 ஆகவோ இருந்தாலும் விடை 6.96-க்கும் 7.04-க்கும் நடுவில்தான் நிற்கும். ஆகவே பாட்டை அளக்க உள்ளே போக வேண்டியதில்லை. டோன் குமிழின் கெப்பாசிட்டர் மல்டிமீட்டர் அனுப்பும் நேர்மின்சாரத்தை விடாது, அதனால் அது கணக்கில் வராது.

வெப்பநிலையை ஏன் எழுதச் சொன்னேன் என்பது இங்கே புரியும். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 7.00 காட்டும் சுருள் 30 டிகிரியில் 7.27 காட்டும். கலிபோர்னியாவில் குளிர்காலத்தில் ஒருவர் அளந்ததையும் மதுரையில் மே மாதம் நீங்கள் அளந்ததையும் அப்படியே பக்கத்தில் வைத்து, "இது வேறு சுருள்" என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். ஜாக்கில் துரு, பாட்டில் அழுக்கு, சால்டர் விட்டுப்போனது எதுவாகவும் இருக்கலாம். "இன்று எண் வரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

காந்தங்களின் திசையைத் திசைகாட்டியால் பார்க்கலாம். ஒவ்வொரு காந்தத் துண்டின் மேலும் கொஞ்சம் உயரத்தில் பிடித்து, முள்ளின் எந்த முனை இழுபடுகிறது என்று குறியுங்கள். வடக்கு காட்டும் முனை இழுபட்டால் மேலே இருப்பது தென்முனை. ஃப்ரிட்ஜ் காந்தம், ஸ்பீக்கர் காந்தம் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். இந்தப் பழைய காந்தங்கள் இன்னொரு வலுவான காந்தம் பட்டால் வலு குறையும், திசைகூட மாறும். அப்படி மாறினால் ஒலியே மாறிவிடும்.

பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை

அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பழைய லாக்கர் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். பின்னால் தொட்டுப் பூசிய இடங்கள் வேறு நிறமாகவோ இருட்டாகவோ திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகளை உருவப் படத்தில் வரையுங்கள். அசிட்டோன் தொட்டுச் சோதிப்பது என்று சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். லாக்கர் கரைந்தால் "ஆம், இது லாக்கர்" என்று தெரியும், தெரிந்த இடத்தில் ஒரு புண்ணும் இருக்கும்.

திறப்பதா வேண்டாமா

இதுவரை ஒரு திருகும் திரும்பவில்லை. கையில் நான்கைந்து பக்கம் எண்கள் இருக்கின்றன. பலருக்கு இது போதும். கருவி உங்களுடையது இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள். உங்களுடையது என்றாலும், வெளியே எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வருகிறது, விற்கும் எண்ணமும் இல்லை என்றால், திறக்க என்ன அவசரம்?

திறக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் கட்டுப்பாட்டுத் தகடு, கழுத்து கடைசியில். திருப்புளி பள்ளத்தில் இடைவெளியில்லாமல் அமர வேண்டும். ஒவ்வொரு திருகையும் அட்டையில் அதன் இடத்தைக் குறித்துக் குத்திவையுங்கள். நான்கு கழுத்துத் திருகும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் ஓட்டைக்குத்தான் எழுபது வருடமாகப் பழகியிருக்கிறது.

தகட்டைத் தூக்கியதும் பாட்களின் முதுகில் அல்லது ஓரத்தில் எண் முத்திரை தெரியும். அமெரிக்காவில் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த குறியீடு அது. 304 என்று ஆரம்பித்தால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்த ஓர் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அப்புறம் இரண்டு இலக்கம் வாரம். 304142 என்றால் ஸ்டாக்போல், 1951, நாற்பத்திரண்டாவது வாரம். கடைசி இரண்டு இலக்கம் 52-ஐத் தாண்டினால் நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். பின்னாளில் வருடத்துக்கு இரண்டு இலக்கம் வந்துவிட்டது, அதனால் ஏழு இலக்க முத்திரை 1952 பேஸில் இருந்தால் அந்தப் பாட் பின்னால் மாற்றப்பட்டது.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில் கவனம் வேண்டும். பாட் அந்த வாரத்தில் தயாரானது. பேஸ் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது, பல மாதம் கழித்துப் பிறந்திருக்கலாம். கழுத்து அடியில் பென்சிலில் எழுதிய தேதியும் அப்படித்தான், கழுத்து செதுக்கி முடித்த நாள் அது. அந்த வருடங்களில் பல கழுத்துகளில் "டி.ஜி." என்ற எழுத்துகள் இருக்கும், தொழிற்சாலையில் கழுத்துகளுக்கு வடிவம் கொடுத்த டாடியோ கோமெஸின் கையொப்பம். உள் குழியில் பெயரும் தேதியும் எழுதிய மாஸ்கிங் டேப் துண்டு இருந்தால், அது இணைப்பு வேலை நடந்த நாள். இந்த மூன்று தேதிகளும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். மூன்றிலும் பிந்தியது எதுவோ, அசல் பாகம் என்ற வரையில், கருவி அதற்குப் பிறகுதான் முழுதாகியிருக்கும்.

வரிசை எண்ணை நம்பி வருடம் சொல்பவர்கள் அதிகம். ஆரம்பத்தில் அது பிரிட்ஜ் தகட்டில் அடித்திருக்கும், 1954 வாக்கில் கழுத்தின் பின்தகட்டுக்கு மாறியது. தகடுகளைப் பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள், அதனால் எண் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகப் போகாது. போதாததற்கு, தகட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது ஐந்து நிமிட வேலை. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து மட்டும் வாதாட வேண்டாம்.

சால்டர் இணைப்புகளைப் படம் எடுங்கள், தொடாதீர்கள். துணி சுற்றிய பழைய கம்பியும், மங்கிப்போய் யாரும் திரும்ப உருக்காத சால்டரும் அப்படியே இருப்பது இந்த வகைக் கருவியில் பெரிய பாக்கியம். மேலே பளபளப்பான புதுச் சொட்டு ஒன்று இருந்தால், எந்த இணைப்பு என்று குறியுங்கள்.

கழுத்தைக் கழற்றுவதானால், தந்திகளை ஒரேயடியாக அறுக்காமல் நான்கையும் மாறி மாறித் தளர்த்துங்கள். கழுத்தையும் உடலையும் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் திருக வேண்டும், தனியாகச் செய்ய வேண்டாம். வெளியே வந்ததும் தேதியைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். பென்சில் எழுத்தை விரலால் தடவாதீர்கள், அழிந்துவிடும். இடையில் வைத்த காகித அட்டைத் துண்டு இருந்தால் அதன் தடிமனையும் அளந்து, இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

மூடும்போது ஒரு பழைய தச்சு வித்தை. மரத்திருகை ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கமாக, எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் மெல்ல "டக்" என்று விழும். பழைய மரை கிடைத்துவிட்டது, அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். இப்படிச் செய்யாமல் நேராக இறுக்கினால் மரத்தில் இன்னொரு மரை வெட்டுப்படும், நாலைந்து முறையில் ஓட்டை தொளதொளத்துவிடும்.

தந்திகளைத் திரும்ப ஏற்றிச் சுருதி சேர்த்து, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் காலையில் கழுத்தின் வளைவையும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தையும், ஜாக்கில் மின்தடையையும் திரும்ப அளந்து, நேற்றைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், நீங்கள் திறந்ததில் எதுவும் மாறவில்லை. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகித உறையில் போட்டு, பேஸ் பெட்டியின் உள்ளறையில் வையுங்கள்.